வரைய உட்கார்ந்தால் கை நின்றுவிடுகிறதா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

"எனக்கு வரையவே வரவில்லை" என்று படம் வரைகிற ஒருவர் சொல்லும்போது, அந்த ஒரு வாக்கியத்துக்குள் ஏழெட்டு வெவ்வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கலாம். ஒருவருக்குக் கண் களைத்திருக்கும். இன்னொருவர் இப்போதுதான் ஒரு மணி நேரம் அடுத்தவர் படங்களைப் பார்த்துவிட்டு வந்திருப்பார். மூன்றாமவருடைய படத்தில் நிழல் ஒரே ஒரு இடத்தில் தப்பாக விழுந்திருக்கும். மூவரும் சொல்வது அதே வாக்கியம். மூவருக்கும் "தன்னம்பிக்கையோடு இருங்கள்" என்று ஒரே மருந்தைக் கொடுத்தால் ஒருவருக்கும் குணமாகாது.

நான் பல வருடங்களாகப் பென்சிலிலும் வாட்டர்கலரிலும் வரைகிறேன். நடுவில் பலமுறை நின்றிருக்கிறேன். ஒருமுறை எட்டு மாதம் பிரஷ்ஷைத் தொடவில்லை. மனம் சரியானதும் வரையலாம் என்று காத்திருந்த நாட்களில் மனம் சரியாகவே இல்லை. கை நகர்ந்த பிறகுதான் அதுவும் நகர்ந்தது. அதனால் இங்கே சொல்லும் தீர்வுகள் பெரும்பாலும் மேசையில், தாளில், கையால் செய்கிற வேலைகள். உங்களுக்குப் பொருந்துகிற அறிகுறிக்கு நேராகப் போங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்து பார்க்க வேண்டாம்.

தொடங்கும் முன் ஐந்து நிமிடச் சோதனை

ஒரு துண்டுத் தாளில், இப்போது மனதில் ஓடும் வாக்கியத்தைத் திருத்தாமல் அப்படியே எழுதுங்கள். எழுதிய பிறகு அதன் எழுவாயைப் பாருங்கள். "நான்" என்று தொடங்குகிறதா, "இந்தப் படம்" என்று தொடங்குகிறதா?

"நான் எதற்கும் லாயக்கில்லை" என்பதை எந்தப் பிரஷ்ஷாலும் சரிசெய்ய முடியாது. "இந்தப் படத்தில் முகம் பின்னணியோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது" என்பதைப் பத்து நிமிடத்தில் சரிசெய்யலாம். கீழே வரும் வழிகள் பெரும்பாலும் முதல் வாக்கியத்தை இரண்டாவது மாதிரியான வாக்கியமாக மாற்றுகிற வேலைதான்.

அப்புறம் மூன்று கேள்விகள். நேற்றிரவு ஒழுங்காகத் தூங்கினீர்களா? இல்லையென்றால் படத்தைக் கிழிப்பது, சமூக ஊடகக் கணக்கை மூடுவது, வரைவதையே விடுவது போன்ற தீர்ப்பு எதையும் இன்று எழுதாதீர்கள். கடைசியாகப் பார்த்த படம் யாருடையது? அடுத்தவருடையது என்றால் அறிகுறி 2. கடைசியாக வரைந்து எத்தனை நாள் ஆகிறது? பத்து நாளுக்கு மேல் என்றால், உங்களுக்கு இருப்பது சந்தேகம் அல்ல, துரு. சித்திரமும் கைப்பழக்கம் என்று நம் ஆட்கள் சும்மா சொல்லவில்லை. துருவுக்கு மருந்து அறிகுறி 1இல் இருக்கிறது.

அறிகுறி 1: வெற்றுத்தாளின் முன் உறைந்து போவது

முதலில் தாளைப் பாருங்கள். தடிமனான, விலை உயர்ந்த, வெள்ளை வெளேரென்ற தாளா? அல்லது அழகாகத் தைத்துக் கட்டிய ஸ்கெட்ச் புத்தகத்தின் முதல் பக்கமா? பாதிக் கோளாறு அங்கேயே இருக்கிறது. கெடுத்துவிடுவோமோ என்று பயப்படும் தாளில் கை தோளிலிருந்து அசையாது, விரல் நுனியிலேயே இறுகி நிற்கும். அந்த இறுக்கத்தில் வருகிற கோடு உயிரில்லாமல் இருக்கும். அதைப் பார்த்ததும் பயம் இன்னும் கூடும்.

செய்ய வேண்டியது: தாளை நீங்களே முதலில் கெடுத்துவிடுங்கள். அழுக்கு நீர் தெளியுங்கள், பழைய வண்ணத்தைத் துணியால் தேயுங்கள், மை சிந்துங்கள். காய்ந்ததும் அந்தக் கறையில் என்ன தெரிகிறது என்று பாருங்கள். இதில் ஒன்றும் புதுமை இல்லை. லியனார்டோ டாவின்சியே தன் குறிப்புகளில், கறை படிந்த சுவர்களை உற்றுப் பார்த்தால் அவற்றில் மலைகளும் போர்க் காட்சிகளும் விசித்திர முகங்களும் தெரியும் என்று இளம் ஓவியர்களுக்குச் சொல்லியிருக்கிறார். 18ஆம் நூற்றாண்டில் அலெக்சாண்டர் கோசன்ஸ் என்ற ஆங்கில ஓவியர், மைக்கறையிலிருந்து நிலக்காட்சியை உருவாக்குவதையே ஒரு முறையாகச் சொல்லிக்கொடுத்தார். "எதை வரைவது" என்ற பெரிய கேள்வி, "இந்தக் கறை எதை ஞாபகப்படுத்துகிறது" என்ற சின்னக் கேள்வியாகிவிடும். அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியும்.

துரு ஏறிய கைக்கு வேறு ஒன்று. டைமரை 30 வினாடிக்கு வையுங்கள். கண் முன்னால் இருக்கும் எதையாவது, உங்கள் இடது கையையோ நாற்காலியையோ, மணி அடிப்பதற்குள் வரையுங்கள். அடுத்த தாள், அடுத்த 30 வினாடி. இருபது முறை. பத்தே நிமிடம்தான். அழிரப்பர் மேசையில் இருக்கக் கூடாது. 30 வினாடியில் யாராலும் நல்ல படம் வரைய முடியாது என்பதால் நல்ல படம் வரைய வேண்டிய கடமையும் விலகிவிடும். பதினைந்தாவது படத்துக்குள் தோள் தளர்ந்திருக்கும். தளரவில்லை என்றால் நாளைக்கும் இதையே செய்யுங்கள். மூன்றாவது நாள் கட்டாயம் தெரியும்.

அறிகுறி 2: மற்றவர் படங்களைப் பார்த்த பிறகு சொந்தப் படம் சாம்பலாகத் தெரிவது

இந்தப் பகுதி நீளமாக இருக்கும். என்னிடம் பேசிய ஓவியர்களில் பலருக்கும் பெரிய வலி இதுதான், எனக்கும் இதுதான்.

ஒப்பீடு ஒரு குணக்கேடு என்று நினைத்து வெட்கப்பட வேண்டாம். 1954ஆம் ஆண்டு லியான் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளர் சமூக ஒப்பீட்டுக் கோட்பாட்டை எழுதினார். நம் திறமை எந்த அளவில் இருக்கிறது என்று அளக்க ஒரு அளவுகோல் இல்லாதபோது மனிதர்கள் பிற மனிதர்களை வைத்து அளந்துகொள்கிறார்கள் என்பது அதன் சாரம். ஓவியத்தில் ஓட்டப் பந்தயம் மாதிரி வினாடிக் கணக்கு இல்லை. ஆகவே கண் பக்கத்து மேசைக்குப் போகத்தான் செய்யும். அதே கோட்பாட்டில் இன்னொரு நுட்பமும் உண்டு: திறமையில் நம்மை விட்டு வெகுதூரம் இருப்பவரோடு நாம் அவ்வளவாக ஒப்பிட்டுக்கொள்வதில்லை. ரெம்பிராண்ட்டைப் பார்த்து யாரும் தூக்கம் கெடுவதில்லை. நம்மோடு சேர்ந்து தொடங்கியவர், நம் வயதுக்காரர், அதே வண்ணத்தைப் பயன்படுத்துபவர், அவர் படத்தைப் பார்த்தால்தான் வயிறு கனக்கிறது.

இதில் ஒரு பிழை நுழைகிறது. பக்கத்தில் இருப்பவரோடு ஒப்பிடத்தான் நமக்கு இயல்பு. ஆனால் இன்ஸ்டாகிராம் மாதிரியான இடங்களில், உலகம் முழுவதும் இருக்கிற பல்லாயிரம் பேருடைய மிகச் சிறந்த படங்கள் ஒரே வரிசையில் வருகின்றன. அவர்கள் எல்லாரும் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருப்பது போல ஒரு பிரமை. ஒருவருக்குக் கோடு நன்றாக வரும், இன்னொருவருக்கு வண்ணம், வேறொருவருக்குக் கற்பனை. மனம் அவர்களை எல்லாம் ஒட்டி ஒரே ஆளாக்கிவிடுகிறது. அந்த ஆள் உலகத்தில் எங்கும் இல்லை. இல்லாத ஒருவரிடம் தினமும் தோற்றுக்கொண்டிருக்கிறோம்.

இன்னொரு பிழை, அவர்களுடைய முடிவை நம்முடைய நடுவழியோடு ஒப்பிடுவது. 1908இல் பிரெஞ்சு ஓவியர் கிளாட் மோனே அல்லிக்குளப் படங்களின் கண்காட்சிக்குத் தயாராகிக்கொண்டிருந்தபோது, பிடிக்காமல் குறைந்தது 15 கேன்வாஸ்களை நாசம் செய்தார். கண்காட்சி தள்ளிப்போய் 1909இல்தான் நடந்தது. வந்தவர்கள் பார்த்தது தப்பித்த 48 படங்களை. கிழிந்துபோனவற்றை யாரும் பார்க்கவில்லை. நீங்கள் திரையில் பார்க்கும் எந்த ஓவியருக்கும் அந்த மாதிரி ஒரு குவியல் இருக்கிறது. உங்கள் குவியலை மட்டும்தான் உங்களால் பார்க்க முடிகிறது.

சரி, என்ன செய்வது?

முதலில் வரிசையை மாற்றுங்கள். காலையில் கண்ணில் படும் முதல் படம் உங்கள் கையால் வந்ததாக இருக்கட்டும், அது மூன்று கோடுகள் ஆனாலும். வரைந்த பிறகு பாருங்கள். அதே படங்கள்தான், ஆனால் வரைவதற்கு முன் பார்த்தால் அவை தீர்ப்பு மாதிரி வந்து விழும், வரைந்த பிறகு பார்த்தால் "இதை எப்படிச் செய்தார்?" என்ற கேள்வி வரும். என்னுடைய அனுபவத்தில் இந்த ஒரு மாற்றம் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் உதவியது.

அடுத்து, பொறாமையைப் பிரித்துப் பாருங்கள். உங்களை நிஜமாகவே சுடுகிற ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து, அதில் எது சுடுகிறது என்று எழுதுங்கள். அவருக்குக் கிடைக்கிற நேரமா? அவருக்கு வருகிற கவனமா? அவர் எடுத்துக்கொண்ட பொருளா? அல்லது ஒரு குறிப்பிட்ட திறமையா, உதாரணமாக இரண்டே பிரஷ் வீச்சில் ஒரு கன்னத்தைத் திருப்பிவிடுவதா? நேரமும் கவனமும் சுட்டால் அதற்கு ஓவியத்தில் மருந்து இல்லை, அதை ஒப்புக்கொண்டு நகருங்கள். பொருள் சுட்டால் உங்களுக்கு வரைய ஆசையாக இருக்கும் ஒன்றை நீங்கள் ரொம்ப நாளாகத் தள்ளிப்போட்டு வருகிறீர்கள் என்று அர்த்தம். திறமை சுட்டால் அடுத்த மாதத்துக்கான பாடத்திட்டம் உங்கள் கையில் கிடைத்துவிட்டது.

கடைசியாக, அந்தப் படத்தைப் பிரதி எடுங்கள், உங்கள் பயிற்சிப் புத்தகத்துக்குள் மட்டும். வின்சென்ட் வான் கோ 27 வயதில்தான் ஓவியராக முடிவெடுத்தார். அப்போது சார்ல் பார்க்கின் பயிற்சித் தாள்களை விழுந்து விழுந்து பிரதி எடுத்தார். கடைசி வருடங்களில், 1889-90இல், சான் ரெமி மருத்துவமனையில் இருந்தபோது மறுபடியும் பிரதி எடுத்தார். தான் மதித்த பிரெஞ்சு ஓவியர் மிலேயின் கறுப்பு வெள்ளை அச்சுகளைப் பார்த்து, வண்ணத்தைத் தானே கூட்டி ஏறத்தாழ 20 படங்கள். இன்னொருவர் இயற்றிய இசையை ஒரு கலைஞர் வாசிப்பதோடு அதை ஒப்பிட்டு எழுதினார். மதிக்கிற ஒருவரைத் தூரத்தில் நின்று பார்த்தால் சுருங்கிப் போகிறோம். பக்கத்தில் போய் அவர் கோட்டின் மேல் நம் கையை ஓட்டினால் அவர் எங்கே தயங்கினார், எங்கே குறுக்கு வழி எடுத்தார் என்பதெல்லாம் தெரியும். தெய்வமாகத் தெரிந்தவர் மனிதராகிவிடுவார்.

இவ்வளவு செய்தும் ஒருவருடைய படம் மட்டும் ஒவ்வொரு முறையும் உங்களை முடக்குகிறது என்றால், மூன்று மாதத்துக்கு அதைப் பார்க்காமல் இருக்க வழி செய்துகொள்ளுங்கள். அவர்மீது கோபம் இல்லாமலேயே செய்யலாம். காயம் ஆறும்வரை கட்டுப் போடுவது மாதிரிதான் இதுவும்.

அறிகுறி 3: பாதி வரைந்ததும் படம் அசிங்கமாகத் தெரிவது

இதில் மனப் பிரச்சினை குறைவு, கண் பிரச்சினை அதிகம். ஏறக்குறைய எல்லாப் படமும் நடுவில் ஒரு அசிங்கமான கட்டத்தைக் கடக்கும்: வெள்ளைத்தாளின் அழகு போயிருக்கும், முடிந்த படத்தின் அழகு வந்திருக்காது. அந்த இடத்தில் கைவிட்டவர்களின் அலமாரியில் தொடக்கங்கள் மட்டுமே இருக்கும்.

கைவிடுவதற்கு முன் இவற்றைச் செய்து பாருங்கள்.

படத்தைக் கண்ணாடியில் பாருங்கள். இதையும் டாவின்சி சொல்லியிருக்கிறார்: தட்டையான கண்ணாடியில் இடம் வலமாக மாறித் தெரியும்போது அது வேறொருவர் வரைந்தது போல இருக்கும், தவறு சட்டென்று பிடிபடும். தள்ளி நின்று பார்க்கவும், நடுநடுவே வேலையை விட்டு எழுந்து போய்விட்டு வரவும்கூட அவர் சொல்லியிருக்கிறார். ஒரு கண் கீழே, ஒரு கண் மேலே என்று இருப்பதெல்லாம் நேராகப் பார்க்கும்போது மறைந்துகொள்ளும், கண்ணாடியில் மறைய முடியாது.

அடுத்து, கண்களைப் பாதி மூடிக்கொண்டு பாருங்கள், அல்லது போனில் படம் பிடித்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். வெளிச்சம், நடுத்தரம், இருட்டு என மூன்று பகுதிகள் தெளிவாகப் பிரிகின்றனவா? எல்லாமே ஒரே சாம்பலாகத் தெரிந்தால் கோளாறு கிடைத்துவிட்டது. "படம் சோகையாக இருக்கிறது", "உயிரே இல்லை" என்றெல்லாம் நாம் புலம்பும்போது பெரும்பாலும் குறை வண்ணத்தில் இருக்காது. இருட்டு போதுமான அளவு இருட்டாக இருக்காது. துணிந்து ஒரே ஒரு இடத்தில் மிக ஆழமான இருட்டை வையுங்கள். சுற்றியிருக்கும் வண்ணங்கள் எல்லாம் விழித்துக்கொள்ளும்.

ஈரமாக இருக்கும்போது தீர்ப்புச் சொல்லாதீர்கள். வாட்டர்கலர் காய்ந்ததும் வெளுக்கும். ஆக்ரிலிக் காய்ந்ததும் கறுக்கும். இரவில் மஞ்சள் விளக்கின் கீழ் வைத்த நீலம் மறுநாள் பகல் வெளிச்சத்தில் வேறு நீலமாக இருக்கும். இரவில் வெறுத்த படத்தைக் காலையில் பார்த்து "இது அவ்வளவு மோசமில்லையே" என்று தோன்றுவதற்குப் பாதிக் காரணம் தூக்கம், மீதிப் பாதி விளக்கு.

எல்லாம் பார்த்தும் படம் உண்மையிலேயே தேறாது என்று தெரிந்தால்? அப்போதும் முடியுங்கள், ஒரு மணி நேரத்துக்குள். தேறாத படத்தில்தான் பயமில்லாமல் எதையும் செய்து பார்க்க முடியும். கத்தியால் சுரண்டலாம், மேலே மை பூசலாம். எனக்குத் தெரிந்த பல உத்திகளை அப்படித் தேறாத படங்களில்தான் கற்றேன்.

அறிகுறி 4: போன வருடப் படங்களைப் பார்த்தால் கூசுகிறது, இந்த வருடத்தவையும் பிடிக்கவில்லை

இதைக் கேட்டால் எனக்கு உள்ளூர மகிழ்ச்சிதான். கண் கையை முந்திக்கொண்டு போயிருக்கிறது. பார்க்கும் திறன் முதலில் வளரும், வரையும் திறன் பின்னால் வரும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் "நான் மோசமாகிக்கொண்டே போகிறேன்" என்று தோன்றுவது. மோசமானால் பழைய படத்தின் தவறு உங்களுக்கு எப்படித் தெரியும்?

போன வருடப் படம் ஒன்றை எடுத்து, அதே பொருளை அதே அளவில் இன்று மறுபடி வரையுங்கள். பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எது மாறியிருக்கிறது, எது மாறவேயில்லை என்று இரண்டு வரி எழுதி, தேதி போட்டுப் பின்பக்கம் ஒட்டுங்கள். மாறாத அந்த ஒன்றுதான் அடுத்து பயில வேண்டியது. ஒன்றே ஒன்று. கைகள் வரவில்லை என்றால் ஒரு மாதம் கைகள் மட்டும்.

ஜப்பானிய ஓவியர் ஹொகுசாய் 1760இல் பிறந்தவர். பெரும் அலை என்று உலகமே அறிந்த அச்சோவியம் வந்தபோது அவருக்கு 70 வயது கடந்திருந்தது. 1834இல் வெளியான ஃபூஜி மலைக் காட்சித் தொகுப்பின் பின்னுரையில், 70 வயதுக்கு முன் தான் வரைந்ததில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை என்றும், விலங்குகள், பறவைகள், செடிகளின் அமைப்பு 73 வயதில்தான் ஓரளவு பிடிபட்டது என்றும், 110 வயதில் ஒவ்வொரு புள்ளியும் ஒவ்வொரு கோடும் உயிர் பெறும் என்றும் எழுதினார். அவருக்கும் கண் முன்னால்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதை அவர் குறையாக எடுத்துக்கொள்ளாமல் வழிகாட்டியாக எடுத்துக்கொண்டார் என்பதுதான் எனக்கு அவரிடம் பிடித்தது.

அறிகுறி 5: யார் பாராட்டினாலும் ஒட்டுவதில்லை

"சும்மா சொல்கிறார்", "அவருக்கு ஓவியம் தெரியாது", "இந்த ஒரு படம் ஏதோ தற்செயலாக அமைந்துவிட்டது". இந்த மூன்றில் ஒன்று உடனே உள்ளே ஓடுகிறதா? 1978இல் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் இதைப் பற்றி எழுதினார்கள். அவர்கள் கவனித்தது, படிப்பிலும் தொழிலிலும் சாதித்த 150க்கும் மேற்பட்ட பெண்களை. வெளியில் அத்தனை சான்று இருந்தும், தாங்கள் எல்லாரையும் ஏமாற்றிக்கொண்டிருப்பதாகவும் ஒருநாள் குட்டு உடைந்துவிடும் என்றும் அவர்கள் உள்ளுக்குள் நம்பினார்கள். ஆகவே இன்னும் ஒரு பாராட்டு, இன்னும் ஒரு பரிசு வந்தால் இது போய்விடும் என்று எதிர்பார்க்காதீர்கள். சான்று இல்லாததால் வந்த நோய் அல்ல இது. சான்றை உள்ளே விடாததால் வருவது.

உள்ளே விட ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு படமும் முடிந்ததும் பின்பக்கத்தில் நீங்கள் எடுத்த மூன்று முடிவுகளை எழுதுங்கள். "வானத்தைக் காலியாக விட்டேன்." "சிவப்பை ஒரே இடத்தில் மட்டும் வைத்தேன்." "ஜன்னலை வரையாமல் விட்டேன்." தற்செயலாக அமைந்தது என்று மனம் சொல்லும்போது அந்தத் தாளைத் திருப்பிப் படியுங்கள். தற்செயலுக்கு மூன்று காரணம் இருக்காது. அடுத்தமுறை யாராவது பாராட்டினால் "நன்றி" என்று மட்டும் சொல்லி, "எந்த இடம் பிடித்தது?" என்று கேளுங்கள். அவர் விரல் எங்கே போகிறது என்று பாருங்கள். மூன்று முடிவுகளில் ஒன்றின் மேல் அது போய் நிற்பதைப் பார்க்கும் அனுபவம் தனி.

அறிகுறி 6: படத்தைப் போட்டேன், யாரும் கண்டுகொள்ளவில்லை

சுருக்கமாகச் சொல்கிறேன். எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதை நிர்ணயிப்பதில் போட்ட நேரம், கணக்கின் பழைய நடப்பு, அன்று வேறு என்ன பரபரப்பு என்று பலவும் சேர்ந்திருக்கின்றன. படத்தின் தரம் அவற்றில் ஒன்று மட்டுமே. எண்ணிக்கையைப் படத்தின் மதிப்பெண்ணாக எடுத்தால் அளவுகோலே தப்பு. நீங்கள் மதிக்கும் இரண்டு பேருக்கு அதே படத்தை நேராக அனுப்பி, "இதில் கண் முதலில் எங்கே போகிறது?" என்று கேளுங்கள். ஆயிரம் லைக் சொல்லாததை அந்த இரண்டு பதில்கள் சொல்லும். பிரெஞ்சு ஓவியர் பால் செசான்னின் முதல் தனிக் கண்காட்சி 1895இல் நடந்தபோது அவருக்கு வயது 56. அதற்கு முன் அரசாங்கக் கண்காட்சிகள் அவர் படங்களைத் திரும்பத் திரும்பத் தள்ளியிருந்தன.

அறிகுறி 7: எனக்கென்று ஒரு பாணி இல்லையே

பாணியைத் தேடி எடுக்க முடியாது. நீங்கள் வேறு எதையோ கவனித்துக்கொண்டிருக்கும்போது உங்களுக்குப் பின்னால் படிகிற வண்டல் அது. ஆனால் இருக்கிறதா இல்லையா என்று சோதிக்கலாம். கடைசி முப்பது படங்களை, பிடித்தது பிடிக்காதது என்று பிரிக்காமல் தரையில் பரப்புங்கள். அப்புறம் ஓவியமே வரையாத ஒரு நண்பரைக் கூப்பிட்டு, "இவற்றில் எதெல்லாம் திரும்பத் திரும்ப வருகிறது?" என்று கேளுங்கள். என் தோழி ஒருத்தி, தன் படங்களில் பாணியே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "எல்லாப் படத்திலும் ஆட்கள் எங்கேயோ வெளியே பார்த்துக்கொண்டு இருக்கிறார்களே" என்றார். அவளுக்கு அது அதுவரை தெரியாது. இப்போது அதைத் தெரிந்தே செய்கிறாள்.

அறிகுறி 8: வரைய ஒன்றுமே தோன்றவில்லை

வறட்சியில் இரண்டு வகை உண்டு. ஒன்றுக்கு மருந்து மற்றொன்றுக்கு விஷம், அதனால் முதலில் வகையைக் கண்டுபிடியுங்கள்.

கடந்த ஒரு வாரம் கண்ணை மூடினால் என்ன வருகிறது? ஒன்றுமே வராமல் வெறுமையாக இருந்தால் உள்ளே எதுவும் போகவில்லை. நூற்றுக்கணக்கான படங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து எதுவும் நிற்காமல் ஓடினால் அளவுக்கு மீறிப் போய்விட்டது. இன்று பலருக்கும் இருப்பது இரண்டாவது வகை என்று நினைக்கிறேன். அவர்கள் உந்துதல் தேடி இன்னும் படங்களைப் பார்க்கப் போவார்கள், அது இன்னும் அடைக்கும்.

அடைத்துப் போனவர்களுக்கு: ஒரு வாரம் யாருடைய ஓவியத்தையும் பார்க்காதீர்கள். அந்த ஒரு வாரமும் வீட்டில் இருக்கும் ஒரே ஒரு பொருளை மட்டும் வரையுங்கள். ஒரு கண்ணாடிப் புட்டி போதும். இத்தாலிய ஓவியர் ஜியார்ஜியோ மொராண்டி தன் வாழ்நாளின் பெரும்பகுதியை போலோஞா நகரில் படுக்கையறையாகவும் இருந்த ஒரு சின்ன அறையில், சில புட்டிகளையும் ஜாடிகளையும் திரும்பத் திரும்ப இடம் மாற்றி வைத்து வரைந்தே கழித்தார். மேலே படிந்த தூசியைக்கூட அவர் துடைப்பதில்லை. முதல் நாள் புட்டி சலிப்பாக இருக்கும். மூன்றாவது நாள் எரிச்சல் வரும். ஐந்தாவது நாள் வாக்கில் இரண்டு புட்டிகளுக்கு நடுவில் இருக்கும் வெற்றிடத்துக்கு ஒரு வடிவம் இருப்பது தெரியும், அதன்பிறகு வரைய விஷயம் தீராது. மோனே 1890-91இல் வைக்கோல்போர்களை ஏறத்தாழ 25 முறை வரைந்ததும் இதனால்தான். போர் மாறவில்லை, வெளிச்சம் மாறிக்கொண்டே இருந்தது.

வெறுமையாகிப் போனவர்களுக்கு: ஓவியத்துக்கு வெளியே போங்கள். பூச்சிகளின் சிறகமைப்பு, பழைய பூட்டுகளின் உள்வேலை, மேகங்களின் வகைகள், எதுவாக இருந்தாலும் சரி, உங்களுக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசை இருக்கும் ஒன்றை எடுத்து ஒரு மாதம் படியுங்கள். படிக்கும்போது பென்சில் கையில் இருக்கட்டும். புரிந்துகொள்வதற்காக வரையும்போது "நன்றாக இருக்கிறதா" என்ற கேள்வி எழாது, "சரியாக இருக்கிறதா" என்றுதான் எழும். அந்த மாற்றத்தில் நிறைய விடுதலை இருக்கிறது.

இரண்டு வகைக்கும் உதவுவது கருவியை மாற்றுவது. 1941இல் பெரிய அறுவை சிகிச்சைக்குப் பிறகு பிரெஞ்சு ஓவியர் மத்தீஸால் முன்போல் நின்று வரைய முடியவில்லை. வண்ணம் பூசிய தாள்களைக் கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டத் தொடங்கினார். 70 வயதுக்கு மேல் கிடைத்த அந்த வழி அவருடைய மிகப் புதுமையான வேலையாக ஆனது. நீங்கள் மெல்லிய பென்சில்காரர் என்றால் ஒரு வாரம் தடித்த கரியால் வரையுங்கள். வண்ணக்காரர் என்றால் இரண்டே வண்ணம். வலக்கைக்காரர் இடக்கையால். கைக்குத் தெரிந்த தந்திரங்கள் எதுவும் புதுக் கருவியில் செல்லாது என்பதால் கண் மறுபடி வேலை செய்தாக வேண்டும்.

அறிகுறி 9: பிரஷ்ஷைத் தொடவே பிடிக்கவில்லை

இங்கே மட்டும் என் ஆலோசனை வேறு. முந்தைய எட்டிலும் "வரைந்து பாருங்கள்" என்று தள்ளினேன், இதில் தள்ளமாட்டேன்.

முதலில் ஒன்றைப் பார்க்க வேண்டும். ஓவியம் மட்டும்தான் பிடிக்கவில்லையா, எதுவுமே பிடிக்கவில்லையா? தூக்கம், பசி, நண்பர்கள், முன்பு மகிழ்ச்சி தந்த எல்லாமே இரண்டு வாரத்துக்கு மேலாகச் சுவையற்றுப் போயிருந்தால், அல்லது வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால், இது ஓவியத்தின் கோளாறு அல்ல. இந்தப் பட்டியலை மூடிவிட்டு ஒரு மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பாருங்கள். நெருங்கியவர் ஒருவரிடம் இன்றே சொல்லுங்கள். படங்கள் காத்திருக்கும்.

ஓவியம் மட்டும்தான் என்றால் ஓய்வெடுங்கள், குற்ற உணர்ச்சி இல்லாமல். ஓவியர் ஆக்னஸ் மார்ட்டின் 1967இல் நியூயார்க்கை விட்டுக் கிளம்பினார். 1974வரை படம் வரையவில்லை. மறுபடி வரையத் தொடங்கியபோது 60 வயதைக் கடந்திருந்தார். அதன்பின் முப்பது வருடம் வரைந்தார். ஓய்வுக்கு ஒரு தேதி வைத்துக்கொள்வது நல்லது. "எப்போதாவது" என்று விட்டால் ஓய்வு மெல்ல பயமாக மாறும். "அடுத்த மாதம் முதல் தேதி பார்க்கலாம்" என்று நாட்காட்டியில் குறித்தால் நடுவில் இருக்கும் நாட்கள் உங்களுடையவை.

"உனக்கு வராது" என்று உள்ளே ஒன்று அப்போதும் சொல்லிக்கொண்டே இருக்கலாம். அந்தக் குரலைப் பற்றி வான் கோ 1883இல் தம்பிக்கு எழுதியிருக்கிறார்: நீ ஓவியனே இல்லை என்று உள்ளே ஏதாவது சொன்னால் அப்போதுதான் வரைய வேண்டும், வரைந்தால்தான் அது அடங்கும் என்ற பொருளில். எழுதியபோது அவர் தொடங்கி மூன்று வருடம்தான் ஆகியிருந்தது.

அந்தத் தேதி வந்ததும், புதுத்தாள் எடுக்க வேண்டாம். நிறுத்திய அன்று பாதியில் விட்ட படம் எங்காவது இருக்கும். அதை எடுத்து, பின்பக்கம் திருப்பி, அந்த மேசையில் இப்போது இருக்கிற பொருட்களைப் பென்சிலால் வரையுங்கள். பிரஷ், தண்ணீர்க் கிண்ணம், காய்ந்துபோன வண்ணத்தட்டு. கீழே தேதி போடுங்கள். எட்டு மாதத்துக்குப் பிறகு நான் வரைந்த முதல் படம் அதுதான். தட்டில் நீலம் வெடித்துக் கிடந்தது, அந்த வெடிப்புகளை வரைந்து முடிப்பதற்குள் இருட்டிவிட்டது.